கறுத்தால் பயப்படாதீர்கள்

"ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது" என்று எண்ணி முடித்த பிறகுதான் பாட்டிலைக் குலுக்குவதை நிறுத்துவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். அந்த ரோஜா நிற மருந்து அடியில் சேறாகப் படிந்துவிடும், குலுக்காமல் குடித்தால் முதல் வாரம் வெறும் தண்ணீரும் கடைசி வாரம் வெறும் மருந்துமாகப் போகும் என்பது அவர் கட்சி. வாங்குகிறவர் வீட்டுக்குப் போய்க் குலுக்குவார் என்ற நம்பிக்கை அவருக்குக் கொஞ்சமும் கிடையாது. அதனால் முதல் குலுக்கலைத் தானே செய்து தருகிறார். மூடி சரியாக இறுகாத பாட்டில்களும் உண்டு. அவரிடம் இருக்கும் வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் வலது கை மட்டும் ரோஜா நிறம்.

இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் அவர் 'குலுக்கல்காரர்' தான். கடைக்குப் பின்னால் அவர் வீடு. கடைக்கு மேல்மாடியில் நான். எனக்கு வயிறு சரியில்லை. அனுதாபம் தேடி இதைச் சொல்லவில்லை, எனக்கும் அவருக்கும் உள்ள உறவு அந்த வயிறு வழியாகத்தான் வந்தது. நான் குடிவந்த முதல் வாரமே அவர் கடை வாசலில் நின்று, "எழுத்தாளர் சார், உங்க வயித்தைப் பத்திக் கவலையே படாதீங்க. காலையில காப்பி, மத்தியானம் காப்பி, மத்த நேரம் யோசனை. புண்ணாகாம என்ன செய்யும்?" என்று எதிர்ச்சாரிக்குக் கேட்கும்படி சொன்னார். அன்றைக்கே என் வயிறு ஊர்ப்பொது ஆகிவிட்டது.

காசைக் கொடுத்தோம், பாட்டிலை வாங்கினோம், நடையைக் கட்டினோம் என்பது அந்தக் கடையில் நடக்காது. பாட்டிலின் கழுத்தை அவர் பிடித்திருப்பார், அடியை நாம் பிடித்திருப்போம். விடமாட்டார்.

"இதைக் குடிச்சா என்ன ஆகும்?"

"வயிறு சரியாகும்."

"அது கிடக்கட்டும். வேற என்ன ஆகும்?"

"கறுப்பாகும்."

"எது?"

இந்த இடத்தில் வாடிக்கையாளர் மெல்லத் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். நாலைந்து பேர் நிற்பார்கள். "நாக்கு" என்பார்.

"அப்புறம்?"

"அப்புறம்... அதுவும்."

"எதுவும்? மலம்னு சொல்லுங்க, தப்பில்ல! நாக்கும் மலமும் கறுப்பாகும். பயப்படுவீங்களா?"

"மாட்டேன்."

"சத்தமா."

"மாட்டேங்க!"

அப்போதுதான் பாட்டில் கைமாறும். இதில் ஆள் பார்த்துச் சலுகை எல்லாம் கிடையாது. ஒருமுறை நீதிபதி ஒருவர் வந்தார். காரில் உட்கார்ந்தபடியே டிரைவரை அனுப்பி வாங்கிக்கொண்டு போகலாம் என்று பார்த்தார். "குடிக்கப்போறது யாரு? அவர் வந்து சொல்லட்டும்" என்று நம் ஆள் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். நீதிபதி இறங்கி வந்து, வரிசையில் நின்று, கூண்டில் ஏற்றப்பட்ட சாட்சியாக ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டுப் போனதை நான் மாடியிலிருந்து கண்ணாரப் பார்த்தேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தால் நாக்கை நீட்டிக் காட்டவேண்டும். "ம், நல்லாக் கறுத்திருக்கு. மருந்தை ஒழுங்காத்தான் குடிச்சிருக்கீங்க" என்று அதற்கு ஒரு சான்றிதழ்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணமான ஒரு புது மாப்பிள்ளையின் கதை இருக்கிறது. கடை திறந்த புதிதில் நடந்தது. அப்போதெல்லாம் நம்மவர் மற்ற கடைக்காரர்களைப் போல வாயைத் திறக்காமல் மருந்தைக் காகிதப் பையில் போட்டுத் தருகிறவராக இருந்தாராம். என்னால் நம்ப முடியவில்லை, ஆனால் அவர் மனைவியும் அப்படித்தான் சொல்கிறார். கல்யாண விருந்துகளால் வயிறு கெட்டுப்போன ஒரு பையன் வந்து மருந்து வாங்கிப்போனான். மறுநாள் காலையில் கழிப்பறையில் கறுப்பைப் பார்த்தான். கண்ணாடியில் நாக்கைப் பார்த்தான். தன் கதை முடிந்தது என்று தானே தீர்மானித்துக்கொண்டு பாயை விரித்துப் படுத்து, பெண்டாட்டியைக் கூப்பிட்டு, "நீ சின்னப் பொண்ணு. எனக்காகக் காத்திருக்காத, வேற நல்ல இடமாப் பாரு" என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் அழுதுகொண்டு உட்காரவில்லை. பிறந்த வீட்டிலிருந்து ஒரு கூட்டத்தையும் கையில் ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள். குடை உடைந்தது. நம்மவர் அன்று அடி வாங்கி எழுந்தவர்தான், பிறகு வாயை மூடவே இல்லை.

கடை மேசையில் ஒரு கல் வைத்திருக்கிறார். கல் இல்லை, உலோகம். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் கொடுத்தது. படிப்படியாக, சதுரம் சதுரமாக, எண்ணெய் சிந்திய தண்ணீரில் தெரிகிற எல்லா நிறமும் அதில் தெரியும். "இதான் சார் பிஸ்மத், நம்ம ரோஸ் மருந்துல இருக்கறவன்" என்று அதைத் தடவிக்கொண்டே சொல்வார். "தனிம அட்டவணையில இவன் குடும்பத்தைப் பாருங்க. தாத்தா முறை ஆகணும் ஆர்சனிக், பச்சைப் பாஷாணம். பக்கத்து வீடு ஈயம், அதுவும் விஷம். சுத்திப் பூரா ரவுடிப் பசங்க. இவன் ஒருத்தன்தான் வயித்துக்குள்ள போய், புண்ணுமேல ஒரு போர்வையப் போத்திவிட்டு, கிருமியையும் அடிச்சிட்டு, கெட்ட பேர் வாங்கிக்கிட்டு வெளியே வர்றான். நம்ம எச்சில்ல, குடல்ல இருக்கற கந்தகத்தோட சேர்ந்தா கறுப்பாயிடுவான். அது ஒண்ணுதான் அவன் பண்ற தப்பு." சொந்தப் பிள்ளைக்கு வேலை சிபாரிசு பண்ணுகிறவர்கூட இத்தனை உருகிப் பேசமாட்டார்.

அதே சமயம், யாருக்குக் கொடுக்கக்கூடாது என்பதிலும் கறார். காய்ச்சல்காரக் குழந்தைக்கு என்று கேட்டால் விரட்டிவிடுவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிடையவே கிடையாது. "இந்த மருந்துல ஆஸ்பிரினுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன் சேர்ந்திருக்கான். அந்த மாத்திரையும் இவனும் கூடினா வயித்துல ரத்தம் கசிஞ்சாலும் கசியும்" என்பார். இந்தச் சட்டத்தில் முதலில் மாட்டிக்கொண்டவர் அவருடைய மாமனார்.

மாமனார் ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு, ஒன்பது வருடமாக மகள் வீட்டில்தான் இருக்கிறார். இதயத்தில் குழாய் வைத்திருக்கிறது, ரத்த மாத்திரை தினம் உண்டு. மருமகனும் மாமனாரும் பேசிக்கொள்வதைக் கேட்டால் கொலை விழப்போகிறது என்று புதியவர்கள் பயந்துவிடுவார்கள். காலையில் செய்தித்தாளை யார் முதலில் படிப்பது என்று தொடங்கி, மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றவேண்டும் என்பதில் மத்தியானத்துக்கு வந்து, சாயங்காலம் ரயில் பெரிதா மருந்து பெரிதா என்பதில் போய் முடியும். கிழவருக்கு ஏப்பம் தொல்லை. தனக்கு மட்டும் அந்த மருந்தைக் கண்ணில் காட்டுவதில்லை என்ற கோபத்தில் அதற்கு 'சுண்ணாம்புத் தண்ணி' என்று பெயர் வைத்தார். மருமகன் கடையில் கேள்வி பதிலை ஆரம்பித்தால் போதும், "பாட்டு வாத்தியார் தொடங்கிட்டார்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். மருமகன் மத்தியானம் சாப்பிட உள்ளே போகும் அரை மணி நேரம் மட்டும் கடையில் காவல் உட்காருவார். அந்த அரை மணி நேரத்தில் யாராவது மருந்து கேட்டு வந்தால், "எல்லாம் சுண்ணாம்புத் தண்ணி. அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார்.

வீட்டில் இந்த இரண்டு பேருக்கும் மேலதிகாரி ஒருவர் இருக்கிறார். கடைக்காரரின் மனைவி, கிழவரின் மகள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன மாதம் கிழவரின் தலையணை உறைக்குள்ளிருந்து உப்புப் போட்ட முந்திரி ஒரு பொட்டலம் கண்டெடுத்தார். உப்பு அவருக்கு ஆகவே ஆகாது. அன்றைக்கு வந்த தீர்ப்பு எனக்கு மாடிக்கே கேட்டது.

"அப்பா, இதான் கடைசி. இன்னொரு தடவை ஒளிச்சுவச்சு எதையாவது வாயில போட்டீங்கன்னு தெரிஞ்சுது, மறுநாளே தம்பி வீட்டுக்கு அனுப்பிடுவேன். அவன் பார்த்துக்கட்டும். என்னால உங்களைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட முடியாது."

அந்த டீச்சர் சொன்னால் செய்கிறவர். தம்பி வீடு வேறு ஊரில், பதினாலாவது மாடியில். அவனும் அவன் மனைவியும் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார்கள். "அங்கே போனா சண்டை போடக்கூட ஆள் இல்ல சார். சுவத்தைத்தான் திட்டணும்" என்று கிழவர் என்னிடம் சொன்னார். அவருக்கு உலகத்தில் வேறு எதற்கும் பயம் கிடையாது, இதற்கு மட்டும் பயந்தார்.

போன புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கு விடுமுறை. என் பாட்டில் குலுக்கலில் இருந்தது. முப்பத்தேழாவது குலுக்கலில் டீச்சர் பின்வாசல் வழியாக வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, காய்கறி தீர்ந்துபோனதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏங்க, அப்பாவுக்கு மூணு நாளாக் கறுப்பாப் போகுதாம். இப்பதான் வாயத் திறந்து சொல்றாரு."

அந்த வீட்டில் கறுப்பு என்பது அப்படி ஆகிவிட்டிருந்தது. இருபத்திரண்டு வருடமாக, கறுத்தால் பயப்படாதே என்ற பாடத்தை நாள் முழுதும் கேட்ட காதுகள். குலுக்கிய கை அப்படியே நின்றது.

"மருந்து குடிச்சாரா?"

"உங்க மருந்தையா? அப்பாவா?" என்று டீச்சர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மருந்து குடிக்காமல் கறுப்பாகப் போனால் அதற்கு வேறு அர்த்தம் என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்திருக்கவேண்டும். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் நிறம் அதேதான்.

பாட்டிலை மேசையில் வைத்துவிட்டு நம்மவர் உள்ளே ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். கிழவர் நாற்காலியில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, மறைக்காமச் சொல்லுங்க. கடையிலேர்ந்து அந்த ரோஸ் மருந்தை எடுத்துக் குடிச்சீங்களா?"

கிழவர் மருமகனைப் பார்த்தார். வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். பிறகு எழுந்து, மருமகனின் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, "அந்தச் சுண்ணாம்புத் தண்ணியையா? நானா? உங்க தலைமேல சத்தியமா இல்ல மாப்பிள்ளை" என்றார்.

இரண்டடி தள்ளி மகளின் தலை இருந்தது. அதை விட்டுவிட்டு ஏன் இந்தத் தலையைத் தேர்ந்தெடுத்தார் என்று அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் பழைய காரில்தான் போனோம். பின்சீட்டில் அப்பாவும் மகளும். என் பக்கத்தில் நம்மவர். தெருமுனை திரும்புவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டார். ஐம்பத்து மூன்று வயது ஆள், சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுகிறார்.

"அந்த ரத்த மாத்திரைய என் கையால நான்தானே சார் எடுத்துக் கொடுத்தேன். ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் வயித்தைப் பத்திப் பாடம் நடத்தினேன். என் வீட்டுல, என் மூக்குக்குக் கீழ, மூணு நாளா மனுஷனுக்கு ரத்தம் போய்க்கிட்டிருக்கு. நானெல்லாம் ஒரு மருந்துக்கடைக்காரனா?"

"அழாதீங்க மாப்பிள்ளை, வண்டி ஓட்டறவருக்குக் குழப்பமா இருக்கும்" என்று பின்சீட்டிலிருந்து இன்ஜின் டிரைவர் அதட்டினார். இரண்டு இடத்தில் கியர் தப்பாகப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயது லேடி டாக்டர். முதல் கேள்வியே அதுதான்: "இரும்புச்சத்து மாத்திரை, பிஸ்மத் கலந்த மருந்து, அப்படி ஏதாவது சாப்பிட்டாரா?"

"இல்ல டாக்டர். என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கார்" என்றார் நம்மவர்.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்தார்கள், மலப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். ரத்த அளவு இறங்கியிருந்தால் வேறு ரத்தம் ஏற்றவேண்டும், வாய் வழியாகக் கேமரா வைத்த குழாய் விட்டு எங்கே கசிகிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் படிவம் நிரப்பக் கீழே போனார். வரும்போது காப்பி வாங்கி வருகிறேன் என்றார்.

கிழவர் கட்டிலில் படுத்தபடி மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, நான் போயிட்டா பேப்பரை நீங்களே முதல்ல படிச்சுக்கங்க."

"அப்படியெல்லாம் பேசாதீங்க மாமா!"

"ஃபேனையும் உங்க இஷ்டத்துக்குச் சுத்த விடுங்க. ஒன்பது வருஷம் உங்களோட மல்லுக்கட்டியே நல்லாப் பொழுது போச்சு. என் மகன்கூட என்கிட்ட அவ்வளவு பேசினதில்ல."

நம்மவர் வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் நர்ஸ் வந்து, "பெரியவரே, நாக்கைத் தூக்குங்க, காய்ச்சல் பார்க்கணும்" என்றார். கிழவர் வாயை அகலமாகத் திறந்து நாக்கை முழுசாக நீட்டினார்.

நாக்கு அட்டைக் கறுப்பு. நடுவில் ஒரு பட்டை, அடுப்புக்கரியைத் தேய்த்தாற்போல.

அழுகை பாதியில் நின்றது. தெருவில் வருகிறவன் போகிறவன் நாக்கையெல்லாம் நீட்டச் சொல்லிப் பார்த்த மனுஷன், சொந்த மாமனாரை ஒரு வார்த்தை 'ஆ' காட்டச் சொல்லவில்லை. பயம் வந்தால் படிப்பு எங்கே போகிறதோ! நர்ஸ் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர், பிறகு குனிந்தார்.

"எத்தனை மூடி?"

"என்னது?"

"மாமா. எத்தனை மூடி?"

கிழவர் கூரையைப் பார்த்தார். "மத்தியானம் ரெண்டு. நாலு நாளாத்தான். மேசைக்குக் கீழ பிரிச்ச பாட்டில் ஒண்ணு இருந்துச்சே, அதுலேர்ந்து. ஏப்பம் தாங்கல. ருசியாத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை." கொஞ்சம் நிறுத்தி, "அதனாலயா வியாதி வந்துச்சு?"

"வியாதி இல்ல! அதைக் குடிச்சா கறுப்பாத்தான் போகும்! இருபத்திரண்டு வருஷமாத் தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன், நம்ம தெரு நாய்க்குக்கூடத் தெரியும்!"

"நான்தான் நீங்க ஆரம்பிச்சதும் வெளியே போயிடுவேனே" என்றார் கிழவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட சொல்லிடாதீங்க. அனுப்பிடுவா."

எனக்கு அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டது. இந்த மனுஷனிடம் ரகசியம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான். அதுவும் எப்பேர்ப்பட்ட ரகசியம்! ஒன்பது வருடமாகச் சுண்ணாம்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவர், அதை ருசித்துக் குடித்துவிட்டு இவர் தலையில் சத்தியமும் பண்ணியிருக்கிறார். நம்மவர் முகத்தில் ரத்தம் ஏறியது, மார்பு விரிந்தது, வாய் திறந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

ஒன்றும் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு விடுவிடு என்று டாக்டரிடம் போனார். அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நம்மவர் கிசுகிசுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டாக்டர் ஒரு அடி பின்வாங்கி, "சத்தமாவே சொல்லுங்களேன்" என்றார். அவர் மறுபடியும் குனிந்துதான் சொன்னார்.

அரை மணியில் முடிவுகள் வந்தன. ரத்த அளவு ஒரு சொட்டும் இறங்கவில்லை. மலத்தில் ரத்தம் இல்லை. டாக்டர் கட்டிலுக்கு வந்து கிழவருக்கு விட்டார் ஒரு டோஸ். "நீங்க சாப்பிடற மாத்திரையோட அதை இன்னும் நாலு நாள் சேர்த்துக் குடிச்சிருந்தா நிஜமாவே ரத்தம் கசிஞ்சிருக்கும். தப்பிச்சீங்க. ஏப்பத்துக்கு வேற மருந்து எழுதித் தர்றேன். சாயங்காலம்வரை படுத்திருங்க, அப்புறம் வீட்டுக்குப் போகலாம்." கிழவர் பள்ளிக்கூடப் பையனாகத் தலையாட்டினார்.

டாக்டர் அந்தப் பக்கம் போக, டீச்சர் இந்தப் பக்கம் காப்பிக் குவளைகளோடு வந்தார். கண் வீங்கியிருந்தது. கீழே தனியாக நின்று அழுதிருப்பார்.

"என்னங்க சொன்னாங்க?"

"ரத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. வயிறு நல்லா இருக்கு. சாப்பிட்டது ஏதோ நிறம் மாத்தியிருக்கு, அவ்வளவுதான். சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடலாம்."

டீச்சர் காப்பியை மேசையில் வைத்துவிட்டு அப்பாவின் நெற்றியைத் தொட்டார். தொட்டபடியே இருந்தார். பிறகு அவருக்குள் இருந்த கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டார்.

"நிறம் மாத்தற மாதிரி அப்படி என்னத்தைச் சாப்பிட்டீங்க? எனக்குத் தெரியாம என்ன சாப்பிட்டீங்க? அப்பா, உங்களைத்தான் கேக்கறேன். வாயைத் திறந்து சொல்லுங்க."

மகள் நேருக்கு நேர் கேட்டால் பொய் வராத கிழவர், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்போல. உதடு பிரிந்தது, உள்ளே கறுப்பு எட்டிப் பார்த்தது. அதற்குள் நம்மவர் கட்டிலுக்கும் மனைவிக்கும் நடுவே புகுந்து, தன் உள்ளங்கையை மாமனாரின் முகவாய்க்கட்டைக்குக் கீழே கொடுத்து, அந்த வாயை மெல்ல மேலே தள்ளி மூடி, எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.